இரட்டை விசுவாசக் குற்றச்சாட்டின் அரசியல்: யூத வெறுப்பும் மலையகத் தமிழர் குடியுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாட்டின் குடிமக்களுள் ஒரு பகுதியினரைப் பிறப்பின் அடிப்படையில் பிரித்து, அவர்தம் பற்று வேறொரு நாட்டின்பாற்பட்டது எனக் கூறுவது இரட்டை விசுவாசக் குற்றச்சாட்டு ஆகும். நவீன யூத வெறுப்பின் நிலைத்த கூறுகளுள் இஃது ஒன்று. அயலுறவுக் கொள்கை குறித்த விவாதங்களில் இக்குற்றச்சாட்டு இயங்கும் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது. அதே முறை இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றில் எவ்வாறு செயற்பட்டது என்பதையும், அதன் தொடர்ச்சி மரக்காண உப்பளக் கரையோரத்தில் இன்றும் எவ்வாறு காணக் கிடக்கிறது என்பதையும் ஆராய்கிறது. கொள்கை மீதான விமர்சனத்தையும் பிறப்பு மீதான ஐயத்தையும் பிரித்தறிவதற்கான அளவுகோல்களை இறுதியில் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்டை விசுவாசம், யூத வெறுப்பு, குடியுரிமை, மலையகத் தமிழர், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர், கீழ்ப்புத்துப்பட்டு.

முன்னுரை

அயலுறவுக் கொள்கையைப் பற்றிய விவாதம் மூன்று வினாக்களைச் சுற்றி அமைவது இயல்பு. கொள்கை நாட்டிற்கு நன்மை தருமா, அஃது அறத்திற்கு உகந்ததா, அதனால் யார் பயன்பெறுவர் என்பன அவை. இவற்றிற்கு விடை காண்பது கடினமாகும்போது நான்காவது வினாவொன்று நுழைகிறது. பேசுபவர் யாருடைய ஆள் என்பதே அவ்வினா. முதல் மூன்று வினாக்களுக்கும் சான்றுகளால் விடையளிக்கலாம். நான்காவது வினா பேசுபவரின் பிறப்பையே சான்றாகக் கொள்வதால் விவாதத்தை மூடிவிடுகிறது.

தமிழியல் ஆய்வுலகில் மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் இனச் சிக்கலாகவோ தொழிலாளர் சிக்கலாகவோ அணுகப்பட்டுள்ளது. அது விசுவாசத்தைப் பற்றிய சிக்கலாகவும் இருந்தது என்பதை யூதர் வரலாற்றோடு ஒப்பிடும்போது தெளிவாகக் காணலாம். இவ்வொப்பீடு இரு மக்களின் துன்பங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதன்று. யூத வெறுப்புக்குப் பல நூற்றாண்டுச் சமய வரலாறு உண்டு. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பேரழிவில் அது முடிந்தது. மலையகத் தமிழர் மீதான ஐயமோ பெருந்தோட்டப் பொருளாதாரத்திலும் வாக்குரிமை அரசியலிலும் வேர்கொண்டது. ஒப்பிடப்படுவது குற்றச்சாட்டின் இயங்குமுறை மட்டுமே.

குற்றச்சாட்டின் தோற்றம்: திரேஃபூசு முதல் மாண்டேகு வரை

1894 அக்டோபரில் பிரெஞ்சுப் படையில் கேப்டன் நிலையிலிருந்த அதிகாரியான ஆல்பிரட் திரேஃபூசு, செருமனிக்கு இராணுவ இரகசியங்களை விற்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் கைது செய்யப்பட்டார். அவர் அல்சாசுப் பகுதியைச் சேர்ந்த யூதர். இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்துப் பேய்த்தீவுக்கு அனுப்பியது. உண்மைக் குற்றவாளி எஸ்தர்கசி என்பதற்கான சான்றுகள் கிடைத்த பின்னரும் வழக்கு நீண்டது. எமிலி சோலா 1898 சனவரி 13 அன்று குடியரசுத் தலைவருக்கு எழுதிய திறந்த மடல் அவ்வழக்கை நாட்டின் மனச்சான்றுக்கு முன் நிறுத்தியது. 1906 இல்தான் திரேஃபூசு குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். ஒரு யூதர் பிரான்சுக்கு முழுமையாக உரியவராதல் இயலாது என்ற முன்முடிவே, வலுவற்ற கையெழுத்துச் சான்றினைப் பலருக்கும் போதுமானதாகத் தோன்றச் செய்தது.

இக்குற்றச்சாட்டின் உள்ளியல்பை நன்கு உணர்ந்தவருள் ஒருவர் தமிழக வரலாற்றிலும் அறியப்பட்டவர். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பெயரில் இடம்பெற்ற எட்வின் மாண்டேகு, இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சராக 1917 ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவில் பொறுப்பாட்சியைப் படிப்படியாக நிறுவுவது குறித்த அறிவிப்பை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து பிராமணரல்லாதார் இயக்கத்தினர் உள்ளிட்டோரின் கோரிக்கைகளையும் கேட்டார். அதே ஆகஸ்ட் மாதத்தில் அவர் அமைச்சரவைக்கு வேறொரு குறிப்பையும் அளித்தார். பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக அறிவிக்கும் முயற்சியை, அமைச்சரவையிலிருந்த ஒரே யூதரான அவர் கடுமையாக எதிர்த்தார். யூதர்களுக்கு வேறொரு தாயகம் உண்டென அரசே அறிவித்தால், ஏனைய நாடுகளில் வாழும் யூதர்கள் அங்கங்கே அயலாராகக் கருதப்படுவர் என்பது அவர் வாதம். 1917 நவம்பர் 2 அன்று வெளிவந்த பால்ஃபர் அறிவிப்பில், பிற நாடுகளில் யூதர்கள் பெற்றுள்ள உரிமைகளுக்கும் அரசியல் தகுதிக்கும் ஊறு நேரலாகாது என்னும் காப்புவாசகம் இடம்பெற்றது. அவ்வாசகத்தின் பின்னணியில் இவ்வச்சமும் இருந்தது.

மாண்டேகுவின் வாதத்திலிருந்து ஓர் அடிப்படை உண்மை புலனாகிறது. இரட்டை விசுவாச ஐயம் சிறுபான்மையினரின் செயல்களால் மட்டும் எழுவதன்று. வெளியே உள்ள ஓர் அரசோ இயக்கமோ அவர்களைத் தன்னவர் எனக் கூறும்போதும் எழுகிறது. இசுரேல் உருவான பின்னர், 1950 ஆகஸ்டில், அந்நாட்டுத் தலைமையமைச்சர் டேவிட் பென்குரியன், அமெரிக்க யூதக் குழுவின் தலைவர் ஜேக்கப் பிளாஸ்டைனுக்கு அளித்த உறுதிமொழி இதனை மெய்ப்பிக்கிறது. அமெரிக்க யூதர்களின் அரசியல் பற்று அமெரிக்காவுக்கே உரியது என்று அவர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது.

அயலுறவு விவாதத்தில் குற்றச்சாட்டின் வடிவங்கள்

போரும் அமைதியும் விவாதிக்கப்படும் காலங்களில் இக்குற்றச்சாட்டு வலுப்பெறும். 1941 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பர்க் தெமாயின் நகரில் ஆற்றிய உரையில், நாட்டைப் போருக்குள் தள்ளுவோர் எனப் பிரித்தானியர், யூதர், ரூசுவெல்ட் அரசு ஆகிய மூன்று தரப்பினரைச் சுட்டினார். முதல் தரப்பு ஓர் அயல்நாடு. மூன்றாவது ஓர் அரசு. இடையில் வைக்கப்பட்ட யூதர்களோ அமெரிக்கக் குடிமக்கள். அவ்வரிசை முறையே அவர்களைக் குடிமக்கள் என்னும் வரையறையிலிருந்து வெளியேற்றிவிட்டது.

அண்மைக் காலத்தில் இக்குற்றச்சாட்டு எதிரெதிர்த் திசைகளிலிருந்து எழுந்தது. 2019 இல் அமெரிக்கக் கீழவை உறுப்பினர் இல்கான் ஓமர், இசுரேல் ஆதரவுக் குழுக்களின் செல்வாக்கைப் பற்றிப் பேசுகையில் அயல்நாட்டுப் பற்று என்னும் பொருள்படக் கூறியது பெரும் விவாதமானது. தாம் கொள்கையையே விமர்சித்ததாக அவர் தரப்பு கூறியது. பழைய பழிச்சொல் மீண்டும் ஒலித்ததாக மற்றவர் கூறினர். அவ்வாண்டு மார்ச்சில் கீழவை, யூத வெறுப்பையும் முசுலிம் வெறுப்பையும் கண்டிக்கும் தீர்மானத்தை 407-க்கு 23 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் டொனால்டு டிரம்ப், சனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் யூதர்கள் பெரும் விசுவாசமின்மையைக் காட்டுகின்றனர் எனக் கூறியபோதும் இதே கண்டனம் எழுந்தது. ஒரு கூற்று யூதர்கள் இசுரேலை மிகுதியாக நேசிப்பதாக ஐயுறுவதாகக் கொள்ளப்பட்டது. மற்றொன்று போதிய அளவு நேசிக்கவில்லை எனக் குறைகூறுவதாகக் கொள்ளப்பட்டது. இரண்டிலும் யூதக் குடிமகனின் வாக்கு அவனுடைய சொந்த அரசியல் முடிவாக ஏற்கப்படவில்லை என்பதே கண்டனத்தின் சாரம்.

யூத வெறுப்பை எவ்வாறு வரையறுப்பது என்பதில் அறிஞர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. 2016 இல் பன்னாட்டுப் பேரழிவு நினைவுக் கூட்டணி ஏற்ற வரையறை, இசுரேல் மீதான விமர்சனத்தை ஒடுக்கப் பயன்படுகிறது எனக் கருதியோர் 2021 இல் எருசலேம் பிரகடனத்தை வெளியிட்டனர். எனினும் இவ்விரு ஆவணங்களும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. யூதர் என்ற காரணத்தினாலேயே ஒருவர் தம் நாட்டைவிட இசுரேலுக்கு விசுவாசமானவர் எனக் கருதுவது யூத வெறுப்பு என்பதை இரண்டும் ஏற்கின்றன. ஓர் அரசின் செயலைப் பிற அரசுகளின் செயலை விமர்சிப்பது போல விமர்சிப்பது வெறுப்பாகாது என்பதையும் இரண்டும் ஏற்கின்றன.

மலையகத் தமிழரும் இந்தியாவின் நிழலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகவும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தமிழக மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1931 இல் டொனமூர் அரசமைப்பின்படி அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, இவர்களுக்கு அவ்வுரிமை அளிப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. தீவில் நிலையான நாட்டம் உடையோர்க்கே வாக்குரிமை என்ற நிபந்தனை அதன் விளைவு. ஏனையோரிடம் வயதும் வதிவும் கேட்கப்பட்டன. தோட்டத் தொழிலாளியிடமோ மனத்தின் நாட்டமும் மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

1939 இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. அமைப்பின் பெயரிலேயே இந்தியா இருந்ததும், அதன் தொடக்கத்தில் இந்தியத் தலைவர் ஒருவருக்குப் பங்கிருந்ததும் ஐயத்திற்குத் தீனியாயின. விடுதலைக்கு முன்பே, 1947 நவம்பரில், இலங்கை பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அண்டையிலிருந்த பெரிய நாட்டைப் பற்றிய அச்சம் அவ்வுடன்படிக்கையின் காரணங்களுள் ஒன்று. அயலுறவு நோக்கிலான இவ்வச்சம் தேர்தல் கணக்கோடு இணைந்தது. 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்ததுடன், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் துணைநின்றனர்.

இதன் பின்னர் வந்ததே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தவராயினும், தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும் என அது விதித்தது. தோட்டங்களில் பிறப்புப் பதிவு முறையாக நடவாத காலத்தில் இந்நிபந்தனையைச் சான்றுடன் நிறைவேற்றல் பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை அற்றோரின் வாக்குரிமையைப் பறித்தது. இச்சட்டங்களைக் கொணர்ந்த அரசில் தமிழ்க் காங்கிரசு இணைந்ததை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற சொல்லே இல்லை. 1953 இல் கோடகன்பிள்ளை வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் இதனையே கருத்திற்கொண்டு, குடியுரிமையை வரையறுப்பது இறைமையுள்ள நாட்டின் உரிமை எனக் கூறி மேன்முறையீட்டைத் தள்ளியது. நேரடியாகச் சொல்லப்படாத ஐயம் நிபந்தனையின் வடிவில் சட்டமாக மாறக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

இங்கு ஒரு சுழல் உருவாகிறது. குடியுரிமை மறுக்கப்பட்டவர் பாதுகாப்புக்காக இந்தியாவை நோக்குகிறார். இந்தியாவை நோக்குவது அவர் இந்தியர் என்பதற்குச் சான்றாகிறது. அச்சான்று குடியுரிமை மறுப்பை நியாயப்படுத்துகிறது. காரணமும் விளைவும் இடம்மாறுகின்றன. ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் இச்சுழலின் மொழி வடிவம். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதிர்ந்தவரையும் நேற்று இரவு கரையேறியவராக அச்சொல் மாற்றியது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பகிர்ந்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தொண்டமான் உள்ளிட்ட மலையகத் தலைவர்கள் ஒப்பந்தத்தை எதிர்த்தனர். அம்மக்கள் எந்நாட்டுக்கு விசுவாசமானவர் என்று இரு அரசுகளும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாதிட்டன. முடிவு செய்த நாளில் அம்மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெறுவதற்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

மரக்காணக் கரையோரத்தில் மூவகைப் பிணைப்புகள்

விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காண உப்பளங்களிலிருந்து தெற்கே புதுச்சேரி வரை நீளும் கரையோரம், இச்சிக்கலை ஆராய்வதற்குத் தக்க களம். இக்கரையோரத்தை அடுத்த இடையஞ்சாவடியும் அதன் சுற்றுப்புறமும், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளோடு பிணைப்புடைய மூவகை மக்களை அருகருகே கொண்டுள்ளன.

முதலாவது, 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டு, இடையஞ்சாவடி முதலிய ஊர்களுக்கு அருகே வளர்ந்த ஆரோவில். பல நாட்டினர் தத்தம் நாட்டுக் கடவுச்சீட்டுடன் அங்கு வாழ்கின்றனர். 1988 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதன் நிருவாகத்தை வரையறுத்தது. இரண்டாவது, புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழர். 1956 இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்பளித்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் ‘சொல்தா’ குடும்பங்கள் இங்கிருந்தே பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களிக்கின்றன. மூன்றாவது, மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம்.

இம்மூவருள் மொழியாலும் பண்பாட்டாலும் உள்ளூர் மக்களுக்கு மிக நெருங்கியோர் வரிசையில் முகாம்வாசிகளும் உள்ளனர். எனினும் அரசின் கண்காணிப்புக்கு மிகுதியாக உட்பட்டோர் அவர்களே. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொலையுண்ட பின்னர், ஓர் இயக்கத்தின் குற்றம் அகதியர் அனைவர் மீதும் நிழலாகப் படிந்தது. முகாம்களில் வருகைப் பதிவும் நடமாட்டக் கட்டுப்பாடும் இறுகின. ஓர் அரசு தன் பாதுகாப்பைக் கருதிக் குற்றம் செய்தோரைத் தேடுவது கடமையே. ஆயின் தேடலின் அலகு தனிமனிதர் என்பதிலிருந்து பிறப்பிடம் என்பதாக மாறும்போது, திரேஃபூசு வழக்கில் கண்ட அதே தருக்கம் மீள்கிறது.

தமிழக முகாம்களில் வாழ்வோருள் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். 1977 முதலான வன்முறைகளால் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்து, 1983 க்குப் பின் படகேறியோர் அவர்கள். பாட்டன் இலங்கையில் ‘இந்தியன்’ எனப்பட்டார். பேரன் இந்தியாவில் ‘இலங்கை அகதி’ எனப்படுகிறார். ஒப்பந்தத்தின்படி குடியேறியோரும் நீலகிரியில் இன்றுவரை ‘சிலோன்காரர்’ என்றே சுட்டப்படுகின்றனர். 2003 இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், உரிய ஆவணமின்றி வந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என வகைப்படுத்திப் பதிவு வழியிலான குடியுரிமையை மூடியது. 2019 இன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த குறிப்பிட்ட சமயத்தினர்க்கு மட்டும் விலக்களித்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2021 இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. பெயர் மதிப்பைக் கூட்டியது. குடியுரிமை வழங்கும் அதிகாரமோ ஒன்றிய அரசிடமே உள்ளது.

இம்மூவகைப் பிணைப்புகளின் ஒப்பீடு ஒரு முடிவுக்கு இட்டுச்செல்கிறது. வேறொரு நாட்டோடுள்ள பிணைப்பு மட்டுமே ஐயத்தைத் தோற்றுவிப்பதாயின், அயல்நாட்டுக் கடவுச்சீட்டும் அயல்நாட்டு வாக்குரிமையும் உடையோரே முதலில் ஐயுறப்பட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. இரு அரசுகளின் உறவில் இடராகக் கருதப்படும் மக்களும், தமக்காகப் பேச வலுவான அரசு இல்லாத மக்களுமே ஐயத்திற்கு இலக்காகின்றனர்.

ஐயம் தவிர்க்கவியலாததா?

இந்தியாவின் அனுபவம் இரு எதிரெதிர்ச் சான்றுகளைத் தருகிறது. 1962 சீனப் போரின்போது, சீன வம்சாவளியைச் சேர்ந்த ஏறத்தாழ மூவாயிரம் பேர் இராசத்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர். குற்ற விசாரணை எதுவும் இதற்கு அடிப்படையன்று. இதற்கு மாறாக, கொல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 1971 போரில் கிழக்குப் படைப்பிரிவின் தலைமைப் பணி அதிகாரியாக இருந்து, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைவதற்கான பேச்சுவார்த்தையை நடத்தினார். இந்தியா 1950 இல் இசுரேலை அங்கீகரித்திருப்பினும் முழுத் தூதரக உறவு 1992 இல்தான் ஏற்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவரது பிறப்பு அவரது பதவிக்குத் தடையாகவில்லை. ஆகவே, ஐயம் ஒரு சமூகத்தின் இயல்பிலிருந்து தானே முளைப்பதன்று. அரசியல் சூழல் அதனை வளர்க்கவும் செய்யும், தவிர்க்கவும் செய்யும்.

பிரித்தறிவதற்கான அளவுகோல்கள்

அயல்நாட்டு அரசுகள் பிற நாடுகளின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்த முயல்வது உண்மை. அதனைப் பற்றிப் பேசுவதே வெறுப்பாகும் எனின் அரசியல் ஆய்வே இயலாது. எனவே மூன்று அளவுகோல்கள் இன்றியமையாதன.

ஒன்று, பேசப்படுவது செயலா, பிறப்பா என்பது. அயல்நாட்டு முகவர்களைப் பதிவுசெய்யக் கோரும் 1938 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், யார் யாருக்காகப் பணிபுரிகிறார் என்று கேட்கிறது. எந்த இனத்தில் பிறந்தார் என்று கேட்பதில்லை. இரண்டு, அதே செயலைப் பெரும்பான்மையினர் செய்தால் அதே சொல் பயன்படுமா என்பது. ஈழத்துக்காகக் குரல் கொடுக்கும் தமிழரை ஐயுறுவோர், பிற அயல்நாட்டுச் சிக்கல்களில் குரல் கொடுக்கும் ஏனையோரையும் அவ்வாறே ஐயுறுகின்றனரா எனக் காண வேண்டும். மூன்று, குற்றச்சாட்டினை மறுக்க வழியுண்டா என்பது. அமைதி சூழ்ச்சியாகவும், மறுப்பு நடிப்பாகவும், கண்டனம் பாசாங்காகவும் கொள்ளப்படுமாயின் அங்கே இருப்பது குற்றச்சாட்டன்று, முன்முடிவு.

இவ்வளவுகோல்கள் இருபுறமும் பொருந்துவன. இசுரேலின் கொள்கையை விமர்சிப்பவரை யூத வெறுப்பாளர் என்று சான்றின்றிக் கூறுவதும், அக்கொள்கையை ஆதரிக்கும் யூதரை அயல்நாட்டாள் என்று கூறுவதும் வாதத்துக்கு விடையளிக்காமல் வாதிப்பவரை நீக்கும் முயற்சிகளே.

முடிவுரை

இரட்டை விசுவாசக் குற்றச்சாட்டு, பிறப்பைச் சான்றாகக் கொள்கிறது, மறுப்புக்கு இடந்தருவதில்லை, தான் தோற்றுவித்த விளைவையே தனக்குக் காரணமாகக் காட்டுகிறது. யூதர் வரலாற்றில் அது படைமன்றத் தீர்ப்பாகவும் மேடைப் பேச்சாகவும் வெளிப்பட்டது. மலையகத் தமிழர் வரலாற்றில் அது சட்டத்தின் நிபந்தனையாகவும் ஒப்பந்தத்தின் எண்ணாகவும் வெளிப்பட்டது. சொற்களில் வெளிப்படும் வெறுப்பை இனங்காண்பது எளிது. நிபந்தனைகளில் மறைந்திருக்கும் ஐயத்தை இனங்காண்பதற்குச் சட்ட ஆவணங்களையும் தேர்தல் வரலாற்றையும் மக்களின் இடப்பெயர்வையும் இணைத்துப் படிக்க வேண்டும். மலையகப் புனைவுகள், முகாம்வாழ் மக்களின் வாய்மொழி வழக்காறுகள், ‘கள்ளத்தோணி’, ‘சிலோன்காரர்’ போன்ற சொற்களின் வழக்கு வரலாறு ஆகியன இந்நோக்கில் ஆராயத்தக்க களங்கள். கீழ்ப்புத்துப்பட்டு போன்ற முகாம்களில் பிறந்து வளர்ந்த தலைமுறை, தன் பாட்டன் எங்குப் பிறந்தார் என்னும் வினாவுக்கு இன்னும் விடையளித்துக்கொண்டிருக்கிறது. 1948 இல் கொழும்பில் எழுப்பப்பட்ட வினாவும் அதுவே.